தங்கச்சி புருஷன் அண்ணன்

இல்ல, நீ கிண்டு. கைய நிறுத்தாத. பாகு அடிபுடிச்சிச்சின்னா அதுக்கும் நான் வந்ததுதான் காரணம்னு ஆயிடும். நான் இப்பிடி கரும்புச் சக்க மேலயே குந்திக்கிறேன். எனக்கு இன்னா இப்ப மரியாத வேண்டிக் கெடக்குது. கரிக்கலாம்பாக்கத்துலேந்து வெயில்ல நடந்து வந்து காலு ரெண்டும் வுட்டுப் போச்சி. தண்ணியும் வேணாம். வர்ற வழியில பாகூர் ஏரியில எறங்கி குடிச்சிட்டுதான் வந்தேன். குருவிநத்தத்துல நீ குடுப்பியோ மாட்டியோன்னு ஒரு யோசன.

பேச வேணாம், உன்ன யாரு பேசச் சொன்னா. உன் மவன் தங்கவேலும் எம்மவ அமுதமும் பிரெஞ்சு சர்க்காரு மேர் ஆபீசுக்குப் போயி கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கினு வந்த நாள்லேந்து நீ என்கிட்ட பேசறதில்ல. மில்லு ஸ்ட்ரைக் நடந்துதே, அதுக்கு அடுத்த தை மாசம். அப்போலேந்து எனக்கும் பழகிப் போச்சி. நீ கொப்பரையப் பாத்துக்க, நான் அடுப்புக்குச் சக்க தள்றேன்.

வந்ததுலேந்து உன்ன நான் எந்த முறையும் வெச்சிக் கூப்புடல, கவனிச்சியா? வழி பூரா அதே யோசனதான். அண்ணேன்னு கூப்ட்டா நீ சொல்றது சரின்னு ஆயிடுது. அண்ணந்தம்பி புள்ளைங்க, அதுங்க கட்டிக்கினது பாவம், வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. சரி, மச்சான்னு கூப்புடலாம்னா, உன் கையில கொதிக்கிற பாகுத் துடுப்பு இருக்குது. அதான் வெறும் வாயோட வந்து குந்திக்கினேன். நீன்னுதான் பேசறேன், அது சின்ன வயசுலேந்து வர்ற பேச்சு. நீங்கன்னு ஆரம்பிச்சா சம்பந்தி பேச்சாயிடும், அதுக்கும் கோச்சிக்குவ.

எனக்கு அலுத்துப் போச்சி, நெஜமா சொல்றேன். சண்ட போடவும் தெம்பு இல்ல, சமாதானம் பேசவும் தெம்பு இல்ல. எங்க ஊருப் பங்காளிங்க ஒரு பக்கம். களத்துல நெல்லு தூத்த ஆளுங்க வரல, நானும் எம்பொண்டாட்டி கனகாம்பாளும் நின்னு தூத்தினோம். எழவுக்குச் சொல்லி அனுப்பறதில்ல, யாரு செத்தான்னு பறச் சத்தத்த வெச்சித் தெரிஞ்சிக்க வேண்டியிருக்குது. எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி. இன்னா முறையில கட்டிக்குடுத்தன்னு. நான் எங்க கட்டிக்குடுத்தேன்.

கடைசியில எம்மவன் உலகநாதங்கிட்டதான் போயி நின்னேன். புதுச்சேரி காலேஜுல கணக்கு வாத்தியாரு ஆச்சே. ஏம்பா, இவ்ளோ படிச்சிருக்க, உன் தங்கச்சி கட்டிக்கினது முறையா, முறையில்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுடான்னேன். அவன் அடுப்புக்கரிய எடுத்துக்கினு போயி மாட்டுக் கொட்டா சுவத்துல கிறுக்க ஆரம்பிச்சிட்டான். இப்பதான்டா சுண்ணாம்பு அடிச்சேன்னு கனகாம்பா ஒரு பாட்டம் திட்டி முடிச்சா.

அவன் சொல்றது இன்னான்னா, உறவும் ஒரு கணக்குதானாம். ரெண்ட சேத்தா மூணாவது ஒண்ணு வரணும். அண்ணனயும் மவளயும் சேரு, அண்ணன் மவ எனக்கும் மவ. தங்கச்சியயும் மவளயும் சேரு, மருமவ. மூணு பேர வரிசையா வெச்சாலும், எந்த முடிச்ச மொதல்ல போட்டாலும் விட ஒண்ணுதான் வரணும். இப்ப கனகாம்பா தம்பிக்கு ஒரு மவ இருக்குது. பொண்டாட்டி தம்பி எனக்கு மச்சான், மச்சான் மவ மருமவ. இல்ல, அந்தாண்டேந்து வா. தம்பி மவ கனகாம்பாளுக்கு மருமவ, பொண்டாட்டிக்கு மருமவன்னா எனக்கும் மருமவதான். ரெண்டும் ஒண்ணு. இதக் கத்துக்கவாடா உன்ன காலேஜுக்கு அனுப்பினேன், நம்மூருல பால்குடி மறந்த புள்ளைக்குக் கூட இது தெரியுமேன்னேன்.

அதுக்கப்புறம் கேட்டான் பாரு. சம்பந்திக்கு சம்பந்தி உனக்கு இன்னா வேணும்னான். நீயும் யோசிச்சிப் பாரேன். எந்த முறையும் இல்ல. வில்லியனூர் தேருல பாத்தா தலைய ஆட்டிட்டுப் போறதோட சரி. அந்த ரெண்டு உறவையும் சேத்தா ஒண்ணும் வர்றதில்ல. அப்பிடித்தான், சில எடத்துல சேராது. சில எடத்துல சேரும், ஆனா ஒண்ணுக்கு ரெண்டு விட வரும். அதுக்காக கணக்கே பொய்யின்னு தூக்கிப் போடவும் முடியாது, முழுக்க சரின்னு சாதிக்கவும் முடியாது. எதுவரைக்கும் நிக்குதோ அதுவரைக்கும் எடுத்துக்கினு, நிக்காத எடத்துல இன்னா மிஞ்சுதுன்னு பாக்கறதே தனிப் படிப்பாம். பிரான்சுல இருக்கற வாத்தியாருங்க இப்ப இதத்தான் நோண்டிக்கினு கெடக்கறாங்களாம். ரெண்ட சேத்தா ஒரு விட வராம கொத்தா வர்ற கணக்குன்னு ஒண்ணு வெச்சிருக்காங்களாம். குருவிநத்தத்துப் பங்காளிங்கள ஒரு நாளு அங்க அனுப்பி வெய்யி, அந்தப் படிப்பயே வுட்டுட்டு ஓடிடுவாங்கன்னேன். சிரிச்சான். எங்க வூட்ல சிரிப்பு கேட்டு அப்பவே ரொம்ப நாளாயிருந்துது.

அப்புறம் நம்ம ரெண்டு குடும்பத்தயும் சுவத்துல எழுதினான். எந்த எடத்துல ஒண்ணுக்கு ரெண்டா விட வருதோ, அங்க ஒரு சுழி போட்டான். அந்த சுழி எங்க வுழுந்துது தெரியுமா? அமுதம் மேல இல்ல. தங்கவேலு மேலயும் இல்ல. உன் மேலயும் உன்னக் கட்டிக்கின எந்தங்கச்சி தையலம்மா மேலயும்.

இரு, துடுப்ப அப்பிடித் தூக்காத. பாகு தெறிச்சி மேல பட்டா தோலு உரிஞ்சி வந்துடும். நான் புதுசா ஒண்ணும் சொல்லிடல. உனக்கும் தெரிஞ்சதுதான்.

நம்ம தாத்தனுங்க ரெண்டு பேரும் அண்ணந்தம்பி, அந்த வழியில நீ எனக்கு அண்ணன். தையலம்மா எங்கம்மாவோட கூடப் பொறந்த சித்தி மவ, எனக்குத் தங்கச்சி. எனக்குத் தங்கச்சின்னா என் அண்ணனுக்கு இன்னா வேணும்? அத வாயால சொல்லாத, வேணாம். உனக்குன்னு பேசி வெச்ச பொண்ணு வேற. பந்தக்காலு நட்டாச்சி, வாழ மரம் கட்டியாச்சி, அந்தப் பொண்ணு பேதியில போயிட்டா. ஆத்துக்கு அந்தாண்ட இங்கிலீஷ்காரன் எல்லயிலேந்து எங்க சித்தி உன் கல்யாணத்துக்குன்னு மவளக் கூட்டிக்கினு வந்திருந்துது. பந்தல் சும்மா பிரிக்கக் கூடாதுன்னு எங்கப்பன் அந்தப் பொண்ணக் கைய காட்டினாரு. ஊருக்கே நாக்கு கூசிச்சி. எங்கப்பன் சொன்னதுதான் இன்னமும் காதுல இருக்குது. இவன் அண்ணன், இவ தங்கச்சி. தனித்தனியா கூப்புடுங்க. சேத்துப் பாக்காதீங்க. அவ்ளோதான். ஊரு வாய மூடிக்கினு பந்தியில குந்திச்சி.

நானும் சேத்துப் பாக்கல. உன்ன அண்ணன்னேன், அவள தங்கச்சின்னேன். எங்க ஊர்ல கிண்டல் பண்ணுவானுங்க, உலகத்துல உன் ஒருத்தனுக்குத்தான்யா அண்ணன் பொண்டாட்டி தங்கச்சின்னு. நான் கண்டுக்கறதில்ல. ஒரு கொறையும் வரல. உன் வயலுக்கு நான் தண்ணி பாய்ச்சினேன், என் கரும்ப நீ உன் ஆலையில ஆட்டிக் குடுத்த.

புள்ளைங்களுக்குதான் தெரியல இன்னா பண்றதுன்னு. தங்கவேலு சின்னதுல எங்க வூட்டுக்கு வருவானே. உங்கூட வந்தா சித்தப்பான்னு கூப்புடுவான். தங்கச்சியோட வந்தா மாமான்னுவான். நீங்க ரெண்டு பேரும் சேந்து வந்தீங்கன்னா ஒண்ணுமே கூப்புடாம ஓடியாந்து என் காலக் கட்டிக்குவான். நான் அதுக்கு எவ்ளோ சிரிச்சிருக்கேன். இப்ப நெனச்சா அழுவ வருது. அந்தப் புள்ளைக்கு யாரும் ஒரு வார்த்த எடுத்துக் குடுக்கல, அதான் கால கட்டிக்கினான்.

அமுதமும் அதே மாதிரிதான். அவன ஒரு நாளு அண்ணன்னு சொன்னதில்ல. சோறு போட்டா இந்தாம்பா, தண்ணி குடுத்தா இந்தாம்பா. கனகாம்பாளுக்கு அப்பவே சந்தேகம். இந்தக் கழுத அவன ஏன் பேரு வெக்காமலே கூப்புடுதுன்னா. நான்தான் போடி வேலையப் பாத்துக்கினுன்னேன். இன்னைக்கு பாரு, நானே உன் முன்னால பேரில்லாம குந்திக்கினு இருக்கேன்.

நான் உன்ன ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன், கோவப்படாம கேளு. உனக்குன்னு வந்தப்ப சேத்துப் பாக்காம வுட்டாங்க. உன் புள்ளைக்குன்னு வந்தப்ப நீ மட்டும் ஏன் சேத்துப் பாக்கற?

இன்னா? பெரியவங்க கட்டி வெச்சாங்க, நானாவா போயிக் கட்டிக்கினேன்னு கேக்கற. வாஸ்தவம்தான். இதுங்க உன்னயும் கேக்கல, என்னயும் கேக்கல. மேருதான் பெரியவருன்னு அங்க போயி நின்னுதுங்க. அப்ப உன் கோவம் முறை மேல இல்ல. கேக்காம போயிட்டான்ற கோவம். அத நேரா சொல்லியிருந்தா நானும் கூட குந்தி கோவப்பட்டிருப்பேனே. எனக்கு மட்டும் இல்லையா? பெத்த பொண்ணு மூலக்குளத்துல ஒரு ஓலக் குடிசையில குடித்தனம் பண்ணுது, புதுச்சேரி போவும்போதெல்லாம் மூஞ்சத் திருப்பிக்கினு அந்த வழியா வண்டி ஓட்டினவன்தான் நானும். கனகாம்பாதான் பொறுக்க மாட்டாம ஐப்பசியில போயி அமுதத்த வூட்டுக்கு இட்டுக்கினு வந்துட்டா. தடுக்க எனக்குத் தெம்பு இல்ல.

நுரைய ஓரமா தள்ளு. ஆங், அப்பிடித்தான். நெறம் வந்துடுச்சி. வாசன கூட மாறிப்போச்சி பாரு. இந்த வருஷம் உன் கரும்பு நல்ல கரும்பு.

நான் எதுக்கு வந்தேன்னு நீ கேக்கவே இல்ல. ஒரு கட்டி வெல்லம் வாங்கிக்கினு போவத்தான் வந்தேன். ஏன் அப்பிடிப் பாக்கற. எங்க வூட்ல இல்லாமயா, பான நெறைய இருக்குது. கனகாம்பா அதத் தொடக் கூடாதுன்னுட்டா. பச்ச புள்ள நாக்குல தொட்டு வெக்கற மொத இனிப்பு அப்பன் வூட்டுலேந்துதான் வரணுமாம். எங்க பழக்கம் அதுதான், வெல்லம் வந்தாத்தான் வெப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. விடியக் காலம்பற பொறந்துது. பொண்ணு.

அமுதம் நல்லாத்தான் இருக்குது. கொஞ்சம் கஷ்டப்பட்டுது, இப்ப தூங்குது. புள்ள அது பாட்டுக்குப் பால் குடிக்குது. தங்கவேலுக்கு ஆள் போயிருக்குது. மூக்கு அப்பிடியே தையலம்மா மூக்கு, மத்தது இன்னும் தெரியல.

உலகநாதன் புள்ளயப் பாத்துட்டு நேரா மாட்டுக் கொட்டாய்க்குப் போயிட்டான். நானும் பின்னாலயே போனேன். அந்த சுழிக்குக் கீழ ஒரு கோடு இழுத்து, இப்ப எண்ணுப்பான்னான். எண்ணினேன். நீ எனக்கு அண்ணன்னே வெச்சிக்குவோம். தங்கவேலு எனக்கு மவன். மவன் பொண்ணு பேத்தி. இல்ல, நீ எனக்கு மச்சான். தங்கவேலு மருமவன். மருமவன் பொண்ணும் பேத்திதான். உன் பக்கத்துலேந்து எண்ணினாலும் அப்பிடியே. அமுதம் உனக்குத் தம்பி மவளா இருந்தாலும் பேத்தி, மச்சான் மவளா இருந்தாலும் பேத்தி. மேல ரெண்டாப் பிரிஞ்சது கீழ வந்து ஒண்ணாயிடுச்சி. எந்தப் பக்கமா வந்தாலும் வேற விடயே இல்ல. அவன் கரிய கையில வெச்சிக்கினு சுவத்தயே பாத்துக்கினு நின்னான். நான் செருப்ப மாட்டிக்கினு கெளம்பிட்டேன்.

நீ என்ன தம்பியா வெச்சிக்க, மச்சானா வெச்சிக்க, ஒண்ணும் இல்லாமலும் வெச்சிக்க. என்னால இதுக்கு மேல முடியல. ஆனா அந்தப் புள்ளைக்குப் பேச்சு வந்தா நம்ம ரெண்டு பேரையும் ஒரே பேரு சொல்லித்தான் கூப்புடும். அதயும் வாசப்படி மிதிக்காதன்னு சொல்லுவியா?

இன்னா தேடற, எலையா? பூவரச எல அந்தக் கெணத்தோரம் இருக்குது. இரு, கையால எடுக்காத, ஆறட்டும். வெல்லம் எங்கயும் ஓடிப் போவாது.

எங்க போற இப்ப? இப்பத்தான பதம் வருது, கொப்பரைய யாரு பாத்துக்கறது? ஓ, தையலம்மாவக் கூப்புடவா. வண்டியும் பூட்டச் சொல்றியா.

சரி, போ. துடுப்ப இப்பிடிக் குடு. நான் கிண்டறேன்.