ஆகஸ்ட்டைக் காணோம்

...இல்ல, நான் தெரியாமத்தான் கேக்கறேன், ஒரு மனுஷன் எந்த மாசம் பட்டாளத்துல இருந்து வீட்டுக்கு வந்தான்னு அவனுக்குத் தெரியாதா? கதவத் தொறந்துவிட்ட பொண்டாட்டிக்குத் தெரியாதா? இந்தப் பட்டாளத்து ஆபீஸுக்காரங்களுக்குத்தான் தெரியுமாம்! மார்ச் பத்தொம்பதாம்! ஆகஸ்ட்டுய்யா, ஆகஸ்ட்டுன்னு நாலு வருஷமா தொண்டத்தண்ணி வத்தக் கத்தியாச்சு... நீ கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காரும்மா, அந்தக் கால் ஆடும். பெஞ்சைச் சொன்னேன்.

உன் டோக்கன் எத்தன? நாப்பத்தொண்ணா? எனக்கு நாப்பத்துமூணு. இப்பத்தான் முப்பத்தாறு போகுது. முப்பத்தாறுன்னா முப்பத்தாறு இல்ல, நடுவுல ரெண்டு பேரு 'ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கறேன்'னு நுழைவான். அந்தச் சந்தேகம் முக்கால் மணி நேரம் ஓடும்.

யாரு ஃபைலு இது? அப்பாதா? ஓ... பேருல எழுத்துப் பிழை. ஒரே எழுத்துதானேன்னு லேசா நெனைக்காதம்மா! எங்களுக்கு ஒரு எழுத்துகூட இல்ல, ஒரே ஒரு நம்பரு. அந்த நம்பரு நாலு வருஷமா எங்களை இந்தப் பெஞ்சுல உக்கார வச்சிருக்கு.

எங்க வீட்டுக்காரரா? எதிர்த்த கடைக்குப் போயிருக்காரு, காப்பி எடுக்க. குடிக்கற காப்பி இல்ல, காகிதத்துக்கு! எதையும் மூணு காப்பி எடுத்தாத்தான் அவருக்கு நிம்மதி. பதினேழு வருஷம் பட்டாளத்துல ஜெனரேட்டர் மெக்கானிக். இன்னைக்கும் மிக்ஸி ஓடற சத்தத்தக் கேட்டே 'பேரிங் போகப்போவுது'ன்னு சொல்லுவாரு. சொன்னா ஒரு வாரத்துல போயிரும். அவரு சொல்லித்தான் போகுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், தேதி. நாங்க எங்களுக்காக அலையலம்மா. அதச் சொல்லணும் மொதல்ல. எங்களுக்கு வரவேண்டியதெல்லாம் எப்பவோ வந்தாச்சு. இது ரேடியோ அண்ணனுக்காக.

பேரு ரேடியோ இல்ல, பட்டப்பேரு. இவருகூட அதே ஜெனரேட்டர் கொட்டகையில வேல பாத்தவரு. வாய் மூடவே மூடாதாம். காலையில செய்தி, மத்தியானம் நாடகம், சாயங்காலம் பாட்டு... எல்லாம் அவரு ஒருத்தரே. அதனால ரேடியோ. நான்கூட ஒரு தடவ அவருக்கு முன்னாடி பேச வாயெடுத்து, முடியாம மூடிட்டேன். என்னையே மூட வச்ச ஆளுன்னா நீயே கணக்குப் போட்டுக்க!

இவரு பட்டாளத்த விட்டு வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஜூன்ல, அந்தக் கொட்டகை வெடிச்சிருச்சு. இவரு தண்ணி குடிக்க வெளிய வந்திருக்காரு, அவரு உள்ள. புகைக்குள்ள போயி அவரு காலரப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்தது இவருதான். உசுரு தப்பிச்சிருச்சு, காது போச்சு. ஒண்ணு அப்பவே முழுசா. இன்னொண்ணு கொஞ்சங் கொஞ்சமா, இப்ப அதுவும் போய்க்கிட்டே இருக்கு. சும்மா போனவருஷம் பாக்கப் போனோம், பேரப்புள்ள மடியில உக்காந்து என்னமோ கத கேக்குது, அவரு சிரிச்சுக்கிட்டே தலையாட்டறாரு, ஒண்ணும் வெளங்காம. ரேடியோ அணைஞ்ச மாதிரி... பேச்சும் கொறஞ்சு போச்சும்மா. தான் பேசறது தனக்கே கேக்கலன்னா மனுஷன் என்னத்தப் பேசுவான்.

காதுக்குள்ள வச்சுத் தைக்கற ஒரு மெஷின் இருக்காம். பட்டாளத்து ஆஸ்பத்திரியில வைப்பாங்களாம். ஆனா 'வேலையில அடிபட்டதுதான்னு கண்ணால பாத்த சாட்சி வேணும்'னுட்டாங்க. பாத்தது மூணு பேரு. ரெண்டு பேரு போய்ச் சேந்துட்டாங்க. மிச்சம் இவரு. இவரும் அழகா நாலு பக்கம் எழுதி அனுப்புனாரு. பதில் வந்துச்சு பாரு... 'தாங்கள் மார்ச் மாதமே பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதால் ஜூன் மாத விபத்துக்குச் சாட்சியாக ஏற்க இயலாது.'

இவரு குதிச்ச குதி இருக்கே! புகையில இழுத்துட்டு வந்தவன் அங்கயே இல்லியாம்! பொட்டியத் தொறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்த எடுத்துப் பாத்தா... அதுலயும் மார்ச்! அப்படியே உக்காந்துட்டாரு. அன்னைலேர்ந்து அந்த யூனிட்டு கிளார்க்க இவரு திட்டாத திட்டு இல்ல. 'கண்ண மூடிக்கிட்டு எழுதியிருக்கான், சோம்பேறிப் பய, எட்டு எழுதத் தெரியாதவன்'... தெனம் குளிக்கும்போது ஒரு வாட்டி, சாப்புடும்போது ஒரு வாட்டி. நானும் கூடவே 'ஆமா ஆமா'ன்னு...

ஆபீஸ் பதிவேடா? நல்லாக் கேட்டம்மா, படிச்ச பொண்ணு. பத்து வருஷம் முன்னாடி இந்தக் கட்டடம் ஒழுகி, அலமாரியில இருந்த பதிவேடெல்லாம் கூழாப் போச்சு. அப்ப 'அவங்கவங்க புத்தகத்தக் காப்பி எடுத்து அனுப்புங்க'ன்னு கடுதாசி போட்டு, அதப் பாத்துத்தான் புதுசா எழுதுனாங்க. இவரும் மூணு காப்பி எடுத்து அனுப்புனாரு. தன்னோட தேதிய யாரு உத்துப் பாப்பா?

நாலு வருஷம் யாரும் கண்டுக்கல. போன வாரம் போன் வருது. நாலாம் ஜன்னல்ல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு பாரு, மூக்குக்கண்ணாடி, அதுதான். கெட்டிக்காரி. கடைசிப் பக்கத்துல மொத்த சர்வீஸ் பதினேழு வருஷம் அஞ்சு மாசம்னு இருக்குதாம். சேந்த தேதியிலேர்ந்து கூட்டுனா ஆகஸ்ட்டுதான் வருதாம், மார்ச் வரலியாம். 'அசல் புத்தகத்த எடுத்துட்டு வாங்க, லென்ஸ் வச்சுப் பாக்கணும், யாராவது கை வச்சிருக்காங்களான்னு'... இவருக்கு ஒரே குஷி! சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டாரு. 'அந்தக் கிளார்க்கோட லட்சணம் இன்னிக்கு வெளிச்சத்துக்கு வருது பாரு'ங்கறாரு. எனக்கானா மூணு நாளா சோறு எறங்கல.

ஏனா? ...ஏன்னா... நீ என்னம்மா, போலீஸ்காரி மாதிரி நடுவுல புடிக்கற!

கொஞ்சம் கிட்ட வா. இன்னும் கிட்ட. யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். உன்ன இனிமே நான் பாக்கப்போறதில்ல, அதான் சொல்றேன்.

அது கிளார்க்கு இல்லம்மா. நான்தான்.

இவரு ஆகஸ்ட்டுல வந்தாருல்ல, அப்ப பாப்பாவுக்கு ஆறு வயசு. ஊருக்குள்ள பெரிய பள்ளிக்கூடம் ஒண்ணு, பட்டாளத்துக்காரங்க புள்ளைங்களுக்குன்னு தனியா எடம் உண்டு. ஒரே ஒரு எடம் காலியா இருக்குன்னு கேள்விப்பட்டு ஓடுனேன். அங்க இருந்த ஆளு சொல்றாரு, 'மே மாசத்துக்குள்ள வெளிய வந்தவங்க புள்ளைங்களுக்குத்தான்'. மூணு மாசம்மா! மூணே மாசம்! வீட்டுக்கு வந்து புத்தகத்தத் தொறந்து பாக்கறேன். எட்டுன்னு எழுதியிருக்கு. வெறும் நம்பர்ல. எழுத்துலயும் எழுதியிருந்தா எனக்கு அந்தப் புத்தியே வந்திருக்காது, சத்தியமா. எட்ட உத்துப் பாரு... இடது பக்கத்து ரெண்டு வளைவ எடுத்துட்டா என்ன ஆகும்? மூணு. இவரு சவரம் பண்ற பிளேடு ஒண்ணு எடுத்து, மூச்சப் புடிச்சுக்கிட்டு... சொரண்டு சொரண்டுன்னு... ஒரு நிமிஷம்கூட ஆகல. பாப்பா பக்கத்துல நின்னு 'என்னம்மா பண்ற'ங்குது, 'அழுக்கு எடுக்கறேன்'னேன்.

எடம் கெடச்சிருச்சு. நானும் மறந்துட்டேன். நெசமா மறந்துட்டேம்மா! அந்தக் கடுதாசி வந்து இவரு தலையில கை வச்சு உக்காந்த அன்னைக்குத்தான்... எனக்கு அந்தப் பிளேடு ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளுனேன். நாளைக்கு நாளைக்குன்னு நாலு வருஷம். அந்த கிளார்க்க இவரு திட்டும்போதெல்லாம், முகம் தெரியாத அந்த மனுஷனுக்கு மனசுக்குள்ள ஒரு மன்னிப்புக் கேட்டுக்குவேன். இப்ப அந்தப் பொண்ணு லென்ஸ் வச்சுப் பாத்தா பழி யாரு மேல விழும்? புத்தகம் யாருதோ அவரு மேல. மோசடிக்காரன்னு முத்திர குத்திட்டா, அப்பறம் ரேடியோ அண்ணனுக்கு இவரு சொல்ற சாட்சி செல்லுமா?

...என்னம்மா, எனக்குப் பின்னாடி யாரப் பாக்கற?

ஐயோ.

எப்ப வந்தீங்க? ...பிளேடுலேர்ந்தா. ...சரி. கேட்டுட்டீங்கல்ல. திட்டுங்க. இந்த ஹால்லயே திட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ...எதுக்கு இப்பிடி நிக்கறீங்க, காகிதமெல்லாம் பறக்குது பாருங்க.

...ஆமா. நாலு வருஷம். அவரு காதுல மிச்சம் இருந்தது நாலு வருஷமா போய்க்கிட்டு இருந்துச்சு, நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். தெரியுங்க. நம்மளால இல்ல, என்னால. 'நம்மளால'ன்னு பங்கு போட்டுக்காதீங்க, அது இன்னும் சுடுது.

நாப்பத்துமூணு கூப்புடறாங்க. புத்தகத்தக் குடுங்க. இல்ல, நான் போறேன். வர்றதுன்னா கூட வாங்க, ஆனா நான்தான் பேசுவேன்.

*

...அப்பாடா. தள்ளும்மா, உக்காந்துக்கறேன். ஏம்மா, நீ இன்னும் இங்கயா இருக்க? நாப்பத்தொண்ணு எப்பவோ போயிருச்சே! என் கதைய கேக்கறேன்னு உன் நம்பர விட்டுட்டியா? நல்ல பொண்ணு போ!

சொல்லிட்டேன். முழுசா. அந்தப் பொண்ணு லென்ஸ வச்சு ரொம்ப நேரம் பாத்துச்சு. நிமிந்து, 'எட்ட இவ்வளவு சுத்தமா மூணாக்கி நான் பாத்ததே இல்லம்மா'ன்னுச்சு. பாராட்டா, வசவான்னு தெரியல. ரெண்டுக்கும் சேத்துத் தலையாட்டி வச்சேன். ரெண்டு பக்கம் என் கையாலயே எழுதி வாங்கிருச்சு. திங்கக்கெழம பெரிய அதிகாரி முன்னாடி வந்து நிக்கணுமாம், நான் தனியா. விசாரிப்பாராம். விசாரிக்கட்டும், சொல்லத்தானே போறேன். ஆனா கடைசிப் பக்கத்து மொத்தம் யாரும் கை வைக்காததாம், அது போதுமாம். ரெண்டு வாரத்துல ஆகஸ்ட்டுன்னு திருத்திக் குடுத்துருவாங்க. இவரு சாட்சி செல்லும்!

இவரா? ஜன்னல விட்டு நகரும்போது சொன்னாரு, 'ரேடியோவுக்கு நீயே சொல்லு'ன்னு. நியாயந்தான். போனப் போட்டுக் கையில குடுத்துட்டாரு, அடிச்சுக்கிட்டு இருக்கு...

அண்ணே! நான்தாண்ணே! ...நான்தான், மெக்கானிக் வீட்டுல! ...தேதி சரியாயிருச்சுண்ணே! ...தேதி! ...தேதிண்ணே! ஆகஸ்ட்டு! ...தப்பு கிளார்க்கு மேல இல்லண்ணே, நான்தான்! ...நான்தான் சொரண்டுனேன்! ...சொரண்டுனேன்! ...பிளேடால! பி...ளே...டு! ...ஐயோ, ஹாலே திரும்பிப் பாக்குது, என்னங்க இது... சொரண்டுனேண்ணே, எட்ட மூணாக்குனேன்! பாப்பாவப் பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு! ...என்னை மன்னிச்சிருங்கண்ணே. ...மன்னிச்சிருங்கன்னேன்!

...என்ன? ...பாப்பாவா? அந்தப் பள்ளிக்கூடத்துல நல்லாப் படிச்சாளாவா?

...ஒரு வருஷந்தாண்ணே. ...ஒரே வருஷம்! பஸ்ஸு ஒத்துக்கல! தெனம் வாந்தி! பக்கத்துத் தெரு பள்ளிக்கூடத்துக்கே மாத்திட்டோம்!

...ஏங்க. ஏங்க, இங்க வாங்க. அவரு சிரிக்கறாருங்க. நெசமா, பழைய மாதிரி விழுந்து விழுந்து... என்னமோ சொல்லிக்கிட்டே சிரிக்கறாரு, நிறுத்தவே மாட்டேங்கறாரு. இந்தாங்க, நீங்களே கேளுங்க.