டேங்கர் தண்ணீரில் நின்ற பசுமை

தலைமை ஏற்று வீற்றிருக்கும் மாண்புமிகு ரத்தினவேல் ஐயா அவர்களே! ராமாபுரத்திலிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து மைசூர் வந்திருக்கும் பெரியோர்களே! ஹெப்பாள் ஆலையில் ஷிப்ட் முடித்த களைப்போடு அமர்ந்திருக்கும் தோழர்களே! சேற்றிலும் சிமெண்டிலும் கைசிவந்த என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் தலைதாழ்ந்த வணக்கம்.

எனக்கு முன் பேசிய கனவான், பருவநிலைக்கேற்ற பயிர்த்தொழில் என்று திரையில் படம் காட்டினார். கண்டோம், களித்தோம். அதிலே பச்சைப் பயிருக்கு நடுவில் ஒரு பெண்மணி சிரித்தாரே, பார்த்தீர்களா? அவர் என் அக்காள் நாச்சம்மாள். அந்தச் சிரிப்பின் கதையை அந்தக் கனவான் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அக்காளுக்கு ராமாபுரத்தில் மானாவாரிக் காடு. ராகியும் அவரையும் துவரையும் கலந்து விதைப்பார். ஒன்று காய்ந்தாலும் ஒன்று காப்பாற்றும். ராகித்தாளைத் தின்று மாடு பால் கொடுக்கும். அங்கே வந்தது ஒரு நிறுவனம். களப்பணியாளர் கிரண் என்பவர், கலப்பு விதைப்பு காலாவதியானது, மழை பொய்த்தாலும் எங்கள் மக்காச்சோளம் பொய்க்காது என்றார். அக்காள் நம்பினார்.

மழை பொய்த்தது. சோளமும் பொய்த்தது. வானத்துக்கு விசுவாசமாக நடந்துகொண்டது அந்தச் சோளம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்னும் இருக்கிறது.

வெளிநாட்டு விருந்தினர் பார்வையிட வருகிறார்கள் என்று சேதி வந்தது. உடனே வந்தது டேங்கர். எதற்கு? தண்ணீரே வேண்டாத பயிருக்குத் தண்ணீர் ஊற்ற! காலித் தொட்டியருகே நாக்கைத் தொங்கப்போட்டு நின்ற மாட்டுக்கு ஒரு குடம் கேட்டார் அக்காள்.

"அது ப்ராஜெக்ட் தண்ணி, அக்கா, மாட்டுக்கெல்லாம் குடுக்க முடியாது" என்றார் கிரண்.

மறுநாள் காரில் இறங்கினார்கள் விருந்தினர்கள். பயிர் எப்படி என்று கேட்டார் ஓர் அம்மையார். அக்காள் மறைக்கவில்லை.

"பயிரு போயிருச்சுங்க. நேத்து ஊத்துன தண்ணியிலதானுங்க இது நிக்குது."

கிரண் அதை ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற அக்காள் மகள் சௌம்யா, கல்லூரியில் படிப்பவள், தாயின் காதில் சொன்னாள்: "அம்மா, நீ ரொம்ப சந்தோசமா இருக்கறேன்னு சொல்லிட்டாரு."

கேட்டதும் அக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆற்றாமையில் வந்த அந்தச் சிரிப்பைத்தான் கேமரா பிடித்தது. சௌம்யா விடவில்லை, அம்மையாரிடம் உண்மையை ஆங்கிலத்திலேயே சொன்னாள். "மிகவும் சுவாரசியம்" என்றாராம் அம்மையார். கார்க்கதவு மூடியது.

டேங்கர் திரும்பி வரவில்லை. சோளம் சருகாயிற்று. தின்னத் தாள் இல்லாமல் மாட்டைச் சந்தையில் விற்றார்கள். அக்காள் இந்த மைசூருக்கு வந்து, கட்டட வேலையில் கலவை சுமந்தார். விருந்தினர் மாளிகையா கட்டினார் என்று கேட்கிறார் பின்வரிசை நண்பர். நானும் அதைத்தான் கேட்டேன், அக்காள் கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டார்.

அடுத்த விதைப்புக்கு அக்காள் ஊர் திரும்பியதும் மறுபடியும் வந்தார் கிரண். புது விதையாம், புதுத் திட்டமாம். அக்காள் விரட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்:

"வெதைக்கறனுங்க. காஞ்சுபோனா எங்க ஊட்டுக்குச் சோறும் இனி வாங்கற மாட்டுக்குத் தீனியும் நீங்க குடுப்பீங்களா?"

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனார். மேலிடம் இன்னும் யோசிக்கிறது! அக்காள் காத்திருக்கவில்லை. பக்கத்துக் காட்டு ராமக்காளும் அவரும் சேர்ந்து தாழ்வான மூலையில் குட்டை வெட்டினார்கள். ராகியும் அவரையும் துவரையும் கலந்தே விதைத்தார்கள். அரைகுறை மழைதான். ராகி பாதி போயிற்று, துவரை நின்றது, தாள் மிஞ்சியது. இன்று அக்காள் தொழுவத்தில் ஒரு கிடாரி நிற்கிறது.

அறிவியலை நான் பழிக்கவில்லை. நல்ல விதை தாருங்கள், நாடி வருவோம். ஆனால் சோதனை உங்களுடையது, சோறு எங்களுடையதா? வென்றால் உங்கள் படம், தோற்றால் எங்கள் பட்டினியா? பாதி நட்டத்தையாவது தோளில் ஏற்றிக்கொண்டு எங்கள் வரப்பில் கால் வையுங்கள். முடியாதென்றால், உங்கள் டேங்கரை ஓட்டிக்கொண்டு அப்படியே திரும்பிப் போங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மணியடிக்காமல் விட்ட தலைவருக்கும் நன்றி. வணக்கம்.