சிவப்புக் கிளப்பின் விருந்தாளி

டியூபா இல்லாமல் ஒரு வாத்தியக் குழு தெருவில் இறங்கக் கூடாது. இதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்களும் மால்டாக்காரர். உங்கள் ஊரிலும் இரண்டு வாத்தியக் கிளப் இருக்கும்.

என் பெயர் விஸ்டின் டெபட்டிஸ்டா. வல்லெட்டாவுக்கு எதிர்க்கரையில் படகு ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருடமாகச் சிவப்புக் கிளப்பின் செயலாளர். எங்கள் ஊருக்குப் புனிதர் ஒருவர், வாத்தியக் குழு இரண்டு. ஒன்று நாங்கள். நீலக் கிளப்பைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு எங்கள் டியூபாக்காரன் சால்வு நீலத்துக்குப் போய்விட்டான். டியூபா பெரிய பித்தளை வாத்தியம். மடியில் வைத்து அணைத்து ஊத வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற வாத்தியங்களுக்குக் கீழே தரை இருக்காது. சால்வு போகும்போது சிரித்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திருவிழா நாளான ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பயணக் கப்பல் வந்தது. டோர்கெயிரும் அவர் மனைவி சால்வெய்கும் இறங்கினார்கள். நார்வேக்காரர்கள். அந்த அம்மாள் பேராலயம் பார்க்க வல்லெட்டாவிலேயே தங்கிவிட்டார். இவருடைய கைப்பேசியும் அந்த அம்மாளின் பையில். இவர் மட்டும் என் படகில் ஏறினார். பாதி வழியில் எங்கள் பையன்களின் ஒத்திகை கேட்டது. இவர் அடித்தொண்டையில் கூடவே முனகினார். டியூபா வாசிக்க வேண்டிய இடம் அது.

"நீங்க வாசிப்பீங்களா?"

"முப்பது வருஷம். எங்க ஊர்த் தபால்காரங்க குழுவுல."

துடுப்பைக் கொஞ்ச நேரம் தண்ணீருக்கு மேலேயே வைத்திருந்தேன்.

அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டினேன். கோட்டைச் சுவர், காவல் கோபுரம், அந்தக் காலத்துச் சிலுவை வீரர்கள் தங்கிய தெரு. நல்ல மனிதர்; எதையும் அவசரமாகப் பார்க்கவில்லை. ஆனால் மணி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஐந்துக்குக் கப்பல் கிளம்பும்.

எங்கள் கோயில் முகப்பில் இரண்டு கடிகாரம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று நமக்கு. இன்னொன்று பிசாசுக்கு, பூசை நேரம் தெரியாமல் அது குழம்ப வேண்டும் என்று. எங்கள் ஊர்ப் பிசாசின் கடிகாரம் இரண்டு மணி நேரம் பிந்தி ஓடும். இரண்டையும் பார்த்து அவர் திகைத்தார். வழக்கத்தை விளக்கினேன். வார்த்தை மாறாமல் விளக்கினேன். எந்தக் கடிகாரம் யாருக்கு என்பதை மட்டும் மாற்றிச் சொன்னேன்.

"பிசாசு இவ்வளவு லேசா ஏமாறுமா?" என்று சிரித்தார்.

"வெளியூர்ப் பிசாசுன்னா ஏமாறும்" என்றேன்.

கிளப்பில் முயல் கறி, மது. டியூபாவை நான் அவர் மடியில் வைக்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில்தான் வைத்தேன்; எடுத்து ஊதியது அவர்தான். ஐந்து மணிக்கு வெடி போடச் சொல்லியிருந்தேன். கப்பல் சங்கு அதில் கரைந்துவிட்டது. ஆனால் துறைமுகம் தெரியும் ஜன்னலை மறந்துவிட்டேன். அவர் வாசிப்பை நிறுத்தினார்.

"அது என் கப்பல்."

"அழகான கப்பல்" என்றேன்.

மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்றார். நானே சொல்வதாகச் சொன்னேன். பிறகு, சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். அந்த மாலை எங்கள் சீருடையில், எங்கள் தொப்பியில் ஊதினார். நீலக் கிளப்பில் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார்கள். சால்வு தெரு முனையில் நின்று கேட்டான். சிரிக்கவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அடுத்த ஞாயிறு, திருவிழாவின் எட்டாம் நாள் ஊர்வலம் இருக்கிறது. அதற்கு யார் வாசிப்பது?

கிளப்புக்கு அடியில் போர்க்காலத்தில் பாறையைக் குடைந்து வெட்டிய பதுங்கு அறை இருக்கிறது. கோடையிலும் குளுமை. கட்டில் போட்டேன். அவரை யாரும் கட்டி வைக்கவில்லை. கதவு மட்டும் பூட்டியிருந்தது. அவருடைய பழைய தொப்பியையும் செருப்பையும் கடலோரப் பாறையில் வைத்தது நான்தான். நீங்கள் வீணாகத் தெருத்தெருவாய்த் தேடக் கூடாது என்று. காற்றில் போகாமல் தொப்பியின் மேல் ஒரு கல்லும் வைத்தேன்.

கணவர் முன்பே ஏறிவிட்டார் என்று நம்பிக் கப்பலில் போயிருந்த அந்த அம்மாள், அடுத்த துறைமுகத்தில் இறங்கிச் செவ்வாயன்று திரும்பி வந்தார். உங்கள் ஆட்கள் கடலில் மூழ்கித் தேடுவதைக் கரையில் நின்றே பார்த்தார். ஒருநாள் என் படகில்தான் ஏற்றிப் போனேன். கூலி வாங்கவில்லை.

என் மனைவி டோலோர் கண்டுபிடித்துவிட்டாள். தினமும் ஒரு தட்டுச் சாப்பாடு கூடுதலாகக் கிளப்புக்குப் போனது.

"அந்தப் பொம்பள பச்சத்தண்ணி குடிக்காம உக்காந்திருக்கா. உனக்கு நெஞ்சுல என்ன, பித்தளையா?"

"ஞாயித்துக்கிழம வரைக்கும்தானே."

"கிளப்பையே கல்யாணம் கட்டியிருக்கலாம் நீ."

வியாழக்கிழமை பங்குத்தந்தை டோர்கெயிரின் ஆன்மாவுக்காகப் பூசை வைத்தார். நானும் போனேன். போகாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது. பதுங்கு அறையின் ஒரு மூலை கோயில் பலிபீடத்துக்குக் கீழே வருகிறது. மனிதக் குரல் அந்தப் பாறையில் ஏறாது. அதை முதல் நாளே சோதித்துவிட்டேன். டியூபாவைச் சோதிக்கவில்லை. பயிற்சி விட்டுப்போகக் கூடாதே என்று அதை அவரிடமே விட்டிருந்தேன். என் பக்கத்துத் தவறு என்றால் அது ஒன்றுதான்.

எல்லோரும் மண்டியிட்டிருந்தபோது தரை முனகியது. அந்த அம்மாள் எழுந்து நின்றார். டோர்கெயிர் எப்போதும் கடைசி சுரத்தைத் தேவைக்கு மேல் அரை மூச்சு இழுப்பார். முப்பது வருடம் பக்கத்து அறையிலிருந்து கேட்டவருக்கு அது போதும் போலிருக்கிறது.

"அவர் செத்துப்போகல" என்றார். "மூச்சு எடுக்கிற இடத்துல தப்பு பண்றார்."

சாவியை நானே கொடுத்தேன். கதவை உடைக்கத் தேவை இருக்கவில்லை. அது எனக்குச் சாதகமாகக் குறிக்கப்பட வேண்டும்.

ஆக, ஏமாற்றி நிறுத்தியதும் நான், பூட்டியதும் நான், உயிரோடிருப்பவரைச் செத்தவராக்கியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும்தான் மனதை உறுத்துகிறது. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவர், என்னைத் தாண்டிப் போனார். ஒரு வார்த்தை, ஒரு தலையசைப்பு இல்லை. நீலக் கிளப்காரர்கள் அதற்குள் என்னைப் பற்றி ஏதோ சொல்லி, அவர் மனதைக் கெடுத்திருக்கிறார்கள்.