பென்டிரைவை இப்போது கழற்றவும்

— மறுபடியும் அதே நீலப் பக்கம் அண்ணே. ‘நல்வரவு, நிறுவத் தொடங்கலாமா’ன்னு கேக்குது. அப்ப இவ்ளோ நேரம் நான் நிறுவினது என்னா? ஐங்கரன் அண்ணே. உங்களைத்தான்.

— நான் இங்க இல்லை, உஷா. காலமையே சொன்னனான் எல்லே. இந்த அறையில நீரும் அந்தக் கையேடும் மட்டும்தான். அதில என்ன எழுதியிருக்கோ அதைச் செய்யும்.

— அப்ப பின்னால நாற்காலி போட்டு உக்காந்து பெருமூச்சு விடுற ஆளு யாருலா?

— அதைக் கணக்கெடுக்காதையும். எழுதினவன் பக்கத்தில இருந்து விளங்கப்படுத்தினா, எழுதினது சரியோ பிழையோ எண்டு எப்பிடித் தெரியும்? இந்த சொஃப்ட்வேரை இறக்கிப் போட்டுப் பாக்கிறவன் எங்கயோ ஒரு ஊரில இருப்பான். அவனுக்குப் பின்னால எல்லாம் நான் போய்க் கதிரை போட ஏலாது.

— சரி, இல்லாத ஆளுக்கு ஒரு சேதி. ‘நிறுவல் முடிந்ததும் கணினியை மறுபடி இயக்கவும்’னு போட்டிருக்கு. இயக்கினேன். அது பழையபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. நான் ஒரு தப்பும் பண்ணல.

— பென்டிரைவ்.

— என்னா?

— பென்டிரைவ் இன்னும் குத்தினபடி இருக்கு, பாரும். அதை எடுக்காம மறுபடி இயக்கினா, இந்த செர்வர்ப் பெட்டி அதுக்குள்ள இருந்துதான் திரும்ப எழும்பும். நான் எழுதேல்லை. முப்பது வருஷமா இதையே செய்யிறன், என்ர கை தன்பாட்டில கழட்டிப்போடும். அதால எழுதத் தோணவே இல்லை. பொறும், இப்ப எழுதுறன். ‘பென்டிரைவை இப்போது கழற்றவும். அதன் பிறகு மறுபடி இயக்கவும்.’ தடிச்ச எழுத்தில.

— அப்ப நான் மக்கு இல்ல.

— இல்லை. நீர் ஓட்டை கண்டுபிடிச்ச ஆள்.

— இதுக்கு ஏண்ணே இவ்ளோ சந்தோஷம்? நான் ஒவ்வொரு தடவை தடுக்கி விழும்போதும் உங்க முகத்துல தீபாவளி.

— விழுந்த இடத்தில படி கட்டலாம் எல்லே. சரி, நான் திரும்ப இல்லை. நீர் நடத்தும்.

— கழட்டிட்டேன். பெட்டி எழுந்துருச்சு. கறுப்புத் திரை, கீழ ஒரு முகவரி. இதை என் லேப்டாப்புல அடிச்சா பக்கம் திறக்கும்னு போட்டிருக்கீங்க. அடிச்சேன். சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. ‘பக்கம் கிடைக்கவில்லை.’

— முகவரியை வாசியும் பாப்பம்.

— பேசமாட்டேன்னீங்க.

— வாசியும், உஷா.

— கையேட்டுல நீங்க போட்டிருந்த அதே முகவரிதான். நிறுவும்போது கேட்டுச்சு, அப்படியே பார்த்து அடிச்சேன். ஒரு புள்ளிகூட மாத்தல.

— அது உதாரணத்துக்குப் போட்டது. எங்கட ஒஃபிசுக்கு உரிய முகவரியை எல்லோ நீர் அந்த இடத்தில போட வேணும்.

— உதாரணம்னு எங்கண்ணே எழுதியிருக்கு? காட்டுங்க.

— ம். எங்கயும் இல்லை.

— கஸ்டம்ஸ்காரன் ஒரு ஃபாரத்தை இப்படி நிரப்பணும்னு காட்டினா, குறுக்க பெருசா சிவப்புல அடிச்சிருப்பான், இது வெறும் மாதிரி, காப்பி அடிக்காதேன்னு. அப்படியும் காப்பி அடிச்சுக் கொண்டாந்து குடுக்குற லோரிக்காரங்களை நான் பார்த்திருக்கேன்.

— நல்லது. சிவப்பிலயே போடுறன். சரியான முகவரியை ஆரிட்டக் கேக்கிறது எண்டும் எழுத வேணும். அதையும் விட்டிட்டன் பாரும். எவ்வளவு விட்டிருக்கிறன்.

— இதெல்லாம் இந்த சொஃப்ட்வேரைச் செஞ்ச வெளிநாட்டுக்காரங்களுக்கு அனுப்புவீங்களா?

— அனுப்புவன். இது ஒருத்தருக்கும் சொந்தமில்லாத சொஃப்ட்வேர், உஷா. விரும்பின ஆக்கள் சேர்ந்து செய்யிறது. கையேடும் அப்பிடித்தான். பிழை கண்டா திருத்தி அனுப்பலாம். அவையள் பாத்து ஏத்துக்கொண்டா, அடுத்தவனுக்கு நல்ல கையேடு கிடைக்கும்.

— ஏத்துக்கிட்டாங்களா?

— போனமுறை அனுப்பினதுக்கு ஒருத்தர் மறுமொழி எழுதினார். இதுகூடத் தெரியாத ஆக்கள் செர்வருக்குக் கிட்ட வரக்கூடாதாம். எழுதிப்போட்டு என்ர திருத்தத்தை ஏத்துக்கொள்ளாம மூடிவிட்டார்.

— கடுப்பா இல்லையா உங்களுக்கு?

— இல்லாம? ரெண்டு நாள் சாப்பாடு இறங்கேல்லை. கிட்ட வரக்கூடாதெண்டு அவர் சொல்லுற ஆக்கள்தான் ஊர் முழுக்க செர்வரைப் பாக்கினம். பண்டமாரானில, போர்ட்டுக்குப் பக்கத்தில, இப்பிடி ஒரு சின்ன லோரிக் கம்பெனிக்கு ஆர் வந்து பாக்கப்போறான்? பழைய சொஃப்ட்வேர்க்காரன் விலையை ஏத்தினான், எங்கட பாஸ் பரமேஸ்வரன் சார் ஏலாதெண்டார். இனி இதுதான். ஒரு பெட்டிக்குள்ள அஞ்சு பெட்டி இருக்கிற மாதிரி இது ஓடும். சம்பளம் ஒண்டில, லோரிக் கணக்கு ஒண்டில, உம்மட கஸ்டம்ஸ் வேலை ஒண்டில. இது படுத்தா எல்லாம் படுக்கும். எழுப்பத் தெரிஞ்ச ஒரு ஆளாவது இங்க இருக்க வேணும்.

— நீங்கதான் இருக்கீங்களே.

— முகவரியை மாத்தும். நேரம் போகுது.

— மாத்தணும்னா கறுப்புத் திரையில உள்ள போகணும். பேரு அடிச்சாச்சு. பாஸ்வேர்டு கேக்குது. அண்ணே, கீபோர்டு செத்துப்போச்சு.

— என்ன?

— அடிக்கிறேன், ஒண்ணுமே விழல. புள்ளி இல்ல, நட்சத்திரம் இல்ல. சும்மா நிக்குது.

— அது காட்டாது, உஷா. பாஸ்வேர்டை அடிக்கேக்க திரையில ஒண்டும் தெரியாது. ஆனா உள்ளுக்கு எடுக்கும். நீர் அடிச்சு முடிச்சு என்டரைத் தட்டும்.

— இதை நான் எப்படிலா தெரிஞ்சுக்கிறது? கனவுலயா?

— எழுதுறன், எழுதுறன். ‘அடிக்கும்போது எழுத்துத் தெரியாது. கீபோர்டு பழுதில்லை.’ நல்ல வசனம். இதை வாசிச்சா ஒருத்தன் நிம்மதியா மூச்சு விடுவான்.

— நீங்க ஒருத்தர்தான் இதுக்கெல்லாம் நிம்மதி, மூச்சுன்னு பேசுறது. தே ஓ ஆறிப்போச்சு, குடிங்க. மத்தியானம் கடையில தாப்பாவ் கட்டி வாங்கிட்டு வந்த சோறும் அப்படியே கெடக்கு.

— பிறகு குடிக்கிறன். இப்ப எத்தினை மணி?

— நாலரை ஆகப்போவுது.

— அஞ்சு மணிக்குள்ள நீர் தனிய முடிச்சாக வேணும்.

— ஏண்ணே உயிரை விடுறீங்க? பாஸ் சுபாங் ஜெயா ஹெட்டாபீஸ்ல மீட்டிங்ல உக்காந்திருக்காரு. முடிஞ்சுதா இல்லியான்னு நானே அவருக்கு மெசேஜ் போடணுமாம், அவரு அங்க மேல சொல்லணுமாம். முடியலன்னா முடியலன்னு போடுவோம். குடியா முழுகிப்போகும்?

— அப்பிடிக் கதைக்காதையும்.

— கோவப்படாதீங்க. பாருங்க, முகவரியை மாத்திட்டேன். லேப்டாப்புல அடிக்கிறேன்.

— ம்.

— திறக்குது.

— திறக்குதோ? கடவுளே. அடுத்த பக்கத்தைப் படியும். ஆறுதலா. ஒரு வரியும் விடாம.

— அண்ணே, பெரிய முக்கோணம் போட்டு எச்சரிக்கை வருது. ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல. உங்கள் தகவல்கள் திருடப்படலாம்.’

— கையேட்டைப் பாரும். அதில இருக்கு. இந்தமுறை நிச்சயமா இருக்கு.

— மூடிட்டேன்.

— என்ன செய்தனீர்?

— பாதுகாப்பு இல்லன்னு சொல்றான்ல. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இப்படி வந்தா உடனே மூடணும்னு நீங்கதானே சுவர்ல ஒட்டிவெச்சீங்க. மூடிட்டேன், லேப்டாப்பையும் நிறுத்திட்டேன். போதும்ணே. என்னால முடியல. மண்டை வலிக்குது. பாஸுக்குப் போட்டுடுறேன்.

— உஷா, பொறும். இன்னும் நேரம் இருக்கு. லேப்டாப்பைத் திரும்பப் போடும். அந்த எச்சரிக்கை வரும், பயப்படத் தேவையில்லை எண்டு படத்தோட எழுதியிருக்கிறன். அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறன். ஒருக்கா வாசியும். பிள்ளை, உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

— போட்டுட்டேன்.

— எதை?

— மெசேஜை. ‘பாஸ், நாள் பூரா ட்ரை பண்ணேன், கையேட்டைப் பார்த்து என்னால தனியா பண்ண முடியல, ஐங்கரன் அண்ணன் இல்லாம இது நடக்காது.’ ரெண்டு நீல டிக். பார்த்துட்டாரு.

— அதை அழியும்.

— பார்த்துட்டாருன்னு சொல்றேன்.

— ஏன் இப்பிடிச் செய்தனீர்? கஸ்டம்ஸ் டிக்ளரேஷன் ஒரு நாளைக்கு நாப்பது செய்யிறீர். ஒரு எழுத்துப் பிழை விடமாட்டீர். தடிச்ச எழுத்தில அரைப் பக்கம் இருக்கு, அதைப் பாக்காம மூடினீரோ? என்னால நம்ப ஏலாம இருக்கு.

— நம்பாதீங்க.

— என்ன?

— இது எனக்கு சனிக்கிழமையே வந்துருச்சு, அண்ணே.

— எது?

— எல்லாம்தான். உங்க கையேட்டை பிரிண்ட் எடுத்துக்கிட்டு, சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் போனப்புறம் தனியா உக்காந்து பண்ணிப் பார்த்தேன். பென்டிரைவ் கிட்ட ஒரு தடவை முழிச்சேன். முகவரி கிட்ட ஒரு தடவை. பாஸ்வேர்டு கிட்ட கொஞ்ச நேரம். அப்புறம் தானா புரிஞ்சுது. பக்கம் திறந்துச்சு, உள்ள போனேன், ரெண்டு பெட்டி உருவாக்கி ஓட்டிப் பார்த்தேன். ஓடுச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டேன். எங்கெங்க தடுக்கி விழலாம்னு அப்பவே எனக்குத் தெரியும்.

— அப்ப இண்டைக்கு முழுக்க?

— நடிச்சேன். என்னை மன்னிச்சுக்குங்க. நீங்க அவ்ளோ ஆசையா எழுதிக்கிட்டே இருந்தீங்க. அடைக்க அடைக்க நான் விழுறதுக்கு ஓட்டையே இல்லாமப் போச்சு. அதான் கடைசியில சும்மா மூடிட்டேன்.

— ஏன், உஷா? நான் உமக்கு என்ன செய்தனான்?

— பாஸ் போன வாரம் பேண்ட்ரி பக்கத்துல நின்னு போன்ல பேசினாரு. என் காதால கேட்டேன். ‘உஷா அந்தக் கையேட்டைப் பார்த்து தானே பண்ணிட்டான்னா, ஐங்கரன் இல்லாமலே ஓட்டிக்கலாம்’னு. நல்ல கையேடு எழுதி உங்க கழுத்தை நீங்களே அறுத்துக்கிறீங்கன்னு உங்களுக்குத் தெரியல. அம்பத்தாறு வயசுல பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுல தனியா உக்காந்து என்னா பண்ணப்போறீங்க? யாரு வேலை குடுப்பா? எங்க வீட்டுக்காரரு போர்ட்ல கீழ விழுந்து முதுகு போனப்ப, கிள்ளான் ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா என்கூட உக்காந்தது நீங்க. உங்க நாற்காலியைப் பிடுங்குற கை என் கையா இருக்கக் கூடாதுண்ணே. அவ்ளோதான். திட்டணும்னா திட்டுங்க. இந்தா, பாஸ் பதில் போட்டுட்டாரு. ‘ஓகே உஷா, தேங்க்ஸ். மேல சொல்லிட்டேன், அவங்க முடிவு பண்ணிட்டாங்க.’ பார்த்தீங்களா, முடிஞ்சுது. இனி உங்களைத் தொடமாட்டாங்க.

— அவ்வளவுதானோ எழுதியிருக்கிறார்?

— இன்னும் ஒரு வரி இருக்கு. ‘நாளைக்கு எச்ஆர் உன்னைக் கூப்பிடுவாங்க.’ உங்க பேரைப் போடுறதுக்குப் பதிலா மாத்திப் போட்டுட்டாரு போல.

— மாத்திப் போடேல்லை.

— அண்ணே, என்னை ஏன் எச்ஆர் கூப்பிடணும்?

— மாசக் கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு பரமேஸ்வரன் சார் சத்தியம் வாங்கினவர்.

— என்னான்னு?

— என்னை அவர் போன மாசமே வேலையால நிப்பாட்டிப்போட்டார், உஷா, இந்த மாசக் கடைசியோட சரி. டிக்ளரேஷன் வேலை முழுக்க சுபாங் ஜெயாவுக்குப் போகுது, இனி இங்க உம்மட மேசையும் இல்லை. என்ர கதிரையை உமக்குத் தாருங்கோ எண்டு கெஞ்சிக் கேட்டனான், கையேட்டைப் பாத்து நீர் தனியச் செய்துகாட்டினா தாறன் எண்டவர்.