நெஞ்சுக்குள் ஒரு சத்தம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு கணவனும் மனைவியும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள்.

"எனக்கு இருதயத்துல இரும்பு வால்வு வச்சா நெஞ்சுக்குள்ள டிக் டிக்னு சத்தம் கேக்குமாம்டி," என்றார் அவர்.

"அப்ப மாட்டுச் சவ்வுல செய்ற வால்வு?"

"அது சில வருசத்துல தேஞ்சிரும். மறுக்கா நெஞ்சத் தொறக்கணும்."

"ஐயோ, ஒரு தரத்துக்கே ஈரக்கொல நடுங்குது. இரும்பே வைக்கச் சொல்லுங்க."

"ஆயுசுக்கும் மாத்திர திங்கணும். அந்தச் சத்தத்துல நீ எப்படித் தூங்குவ?"

"இப்ப மட்டும் தூங்குறேனாக்கும்! நீங்க கண்ணசந்ததும் மூச்சு வருதான்னு மூக்குல வெரல வச்சுப் பாத்துக்கிட்டே கெடக்கேன்."

அவர் அவளையே பார்த்தார்.

"எப்பருந்து?"

"டாக்டர் வால்வு போச்சுன்னு சொன்ன அன்னைலருந்து."