ஜனவரியிலேயே மிதந்த படகு

நகத்த முடியாது டீச்சரம்மா. அத மட்டும் கேக்காதீங்க. லாரிய வேணா பின்னால எடுக்க சொல்லுங்க. பீரோ, கட்டிலு எல்லாம் எங்க வாசல்லயே எறக்கி வச்சிக்கோங்க, நான் காவலு இருக்கறேன். ஆனா இந்தப் படகு ஞாயித்துக்கெழம காலைல வரைக்கும் இங்கதான். இந்தாண்ட ஒரு விரல் நகரக் கூடாது, அந்தாண்ட ஒரு விரல் நகரக் கூடாது.

ஆமா, படகுதான். பின்ன இன்னான்னு நெனச்சீங்க? உங்க லாரிக்காரரு மாட்டுத் தொட்டின்னு நெனச்சி, "யாரும்மா சந்துக்கு நடுவுல தொட்டி வச்சது"ன்னு சத்தம் போடறாரு. அவரு மேல தப்பில்ல. போன வாரம் ஒரு எருமயே ஏமாந்துடுச்சி. வந்து மோந்து பாத்துட்டு, மூஞ்சிய திருப்பிக்கினு போச்சு.

நீங்கதான் கோடி வூட்டுக்கு வர்ற டீச்சரம்மான்னு பாத்ததுமே தெரிஞ்சுக்கினேன். ஓனரு போன வாரமே சொல்லிட்டாரே! "செங்கம்மா, தமிழ் டீச்சரு ஒருத்தரு திருப்பதிலருந்து ட்ரான்ஸ்பர்ல வராங்க, கொஞ்சம் பாத்துக்கோ"ன்னு. ஏன், சந்துல படகு நிக்குதுன்னு உங்க கிட்ட சொல்லலயா? ... அவரு எப்டி சொல்லுவாரு! வூடு காட்ட உங்கள பின்பக்கமா கூட்டிக்கினு வந்திருப்பாரு. வந்தாரா இல்லயா? ... பாத்தீங்களா!

ஒக்காருங்க. வெயில்ல நிக்காதீங்க. டேய் லாரித் தம்பி, நீயும் நெழல்ல நில்லுப்பா.

அந்த வாசன இன்னான்னு பாக்கறீங்களா? மாம்பழம். படகுல நிக்கிற தண்ணி எல்லாம் தோத்தாபுரி கழுவின தண்ணி. எங்க வூட்டுக்காரரு, சந்திரன்னு பேரு, ஜூஸ் ஃபேக்டரில ஃபிட்டரு. தெனம் சாயங்காலம் நாலு ட்ரம்மு டிராலில போட்டுக்கினு வந்து இதுல ஊத்தறாரு. சீசன் பாருங்க, அங்க கழுவற தண்ணிக்கு பஞ்சமில்ல. ஈ வரும், ஆனா கடிக்காது. கொழாத் தண்ணி ஊத்தினா இந்தத் தெருவே எங்கள அடிச்சி தொரத்திடும். நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணிய மனுசன் குடிப்பானா, மரக்கட்டைக்கு குடிப்பாட்டுவானா?

தண்ணில படகு நிக்கும்னு கேள்விப்பட்டிருக்கறோம். படகுல தண்ணி நிக்கிறத எங்கனா பாத்திருக்கீங்களா? அய்யோ ராமா, நான் தெனம் காலைல கோலம் போட குனிஞ்சா இதோட மூக்குதான் என் மண்டைல இடிக்குது!

இருங்க, மொதல்லருந்து சொல்றேன். லாரி எங்கயும் போவாது.

ராகவன் சாருன்னு ஒருத்தரு. ஸ்ரீனிவாசராகவன். உங்க திருப்பதிக்காரருதான். அதே ஃபேக்டரில கணக்கு ஆபீசரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. அவரு பையன் பிரஹ்லாத் அமெரிக்கால இருக்கறான். ரெண்டாயிரம் வருசம் பொறந்தா கம்ப்யூட்டருக்கு ஏதோ சீக்கு வரும்னாங்க இல்ல, அதுக்கு வைத்தியம் பாக்க இட்டுக்கினு போனாங்க. சீக்கு வரவே இல்ல. ஆனா பையன் அங்கயே தங்கிட்டான். சரேலே, சரி போவட்டும், நல்லாருக்கட்டும்.

ராகவன் சாரு அவன பாக்க போனாரு. போன எடத்துல ஒரு ஏரி. ஏரிக்கரைல வயசான வெள்ளக்காரங்க, பழய மரப்படகுங்கள தொடைக்கறதும் வார்னீஷ் அடிக்கறதுமா இருந்தாங்களாம். அதுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு புக்கு. வழவழன்னு காயிதம். இவரும் அவங்களோட ஒக்காந்து ஆறு மாசம் தேய்ச்சிட்டு, இங்க வந்து எங்க வூட்டுக்காரரு கிட்ட சொல்றாரு, "சந்திரா, நாமளும் ஒண்ணு ஆரம்பிக்கணும்டா"ன்னு.

சித்தூர்ல! இது படகு ஓட்டற ஊரா நீங்களே சொல்லுங்க. நம்மூரு ஆத்துல லாரி போவுது, மண்ணு அள்ள!

சாரு சொன்னா எங்க வூட்டுக்காரரு ஒத்துக்கணுமா? ஒத்துக்கினாரு. சூளூர்பேட்ட பக்கம் கால்வாய்ல உப்பு ஏத்தின படகு ஒண்ணு வெறகுக்கு கெடக்குதுன்னு கேள்விப்பட்டு ஓடினாரு. விடிஞ்சி கதவ தெறக்கறேன், தெருவே தெரியல. இத்தனாம் பெரிய கட்ட! "செங்கா, எப்டி கீது பாரு"ங்கறாரு. இன்னா சொல்றது? "கல்யாணத்துக்கு எனக்கு ஒரு பொடவ பாக்க நீ இவ்ளோ தூரம் போவலயே"ன்னேன். அந்த மனுசன் காதுல எங்க ஏறுது? படகுக்கு மஞ்ச தடவிக்கினு இருக்கறாரு.

சங்கத்துல எத்தினி பேரா? மெம்பருங்க அம்பது பேருக்கு மேல கீறாங்க. நகரி, புத்தூரு, வேலூருன்னு. படகு ஒண்ணுதான். சிரிக்காதீங்க டீச்சரம்மா, அவங்க எல்லாம் படகுக்காக சேந்தவங்க இல்ல. புக்குக்காக சேந்தவங்க.

ஆமா, நம்ம சங்கத்துக்கும் புக்கு கீது. "துடுப்பு"ன்னு பேரு. மாசா மாசம் வரும். அமெரிக்கா புக்குல வர்ற வெசயத்த ராகவன் சாரு தமிழ்ல எழுதுவாரு, எந்த மரத்துக்கு எந்த எண்ண, எந்தப் பலகை இடுக்குல எந்தப் பஞ்ச அடைக்கணும்னு. எங்க வூட்டுக்காரரு படம் போடுவாரு. அப்டியும் ஒரு பக்கம் காலியா நின்னுச்சு. "செங்கம்மா, நீதான் நகரில எட்டாங்கிளாசு வரைக்கும் தமிழ் படிச்சிருக்கியே, ஏதாச்சும் எழுதிக் குடு"ன்னாரு சாரு. நான் இன்னாத்த எழுதறது? வாயில வந்தத எழுதினேன். படகு வந்த வூட்டுல ஒரு பொம்பள இன்னா பாடு படறா, ஈரத்துணிய எங்க காய வைக்கறா, வந்த சம்பந்தி வூட்டுக்காரங்க எதுல தடுக்கி வுழுந்தாங்க, எல்லாத்தயும். "செங்கம்மா பக்கம்"னு பேரு வச்சாரு.

நகரில எங்க தறிக்காரங்க எல்லாம் சாயங்காலம் ஒருத்தன் படிக்க மத்தவங்க கேக்கறாங்களாம்! வேலூர்லருந்து ஒரு நர்சம்மா லெட்டரு போட்டாங்க, "எங்க வூட்டுக்காரரு பொறா வளக்கறாரு, உங்க பக்கம் படிச்சாதான் எனக்கு ஆறுதலு"ன்னு. நான் பெருமைக்கு சொல்லல. ... சரி, பெருமைக்குத்தான் சொல்றேன். இன்னா இப்ப?

அங்கதான் வந்துச்சு வம்பு.

இங்க தமிழ்ல அச்சு கோக்க ஆளில்ல டீச்சரம்மா. எல்லாம் தெலுங்கு. வேலூருக்கு பஸ்ல பக்கத்த அனுப்பணும். அந்த ப்ரெஸ்காரரு ஒரு வாரம் முன்னாடியே கேப்பாரு. இந்த ஜனவரில காணும் பொங்கலுக்கு படக ஏரில எறக்கறதுன்னு முடிவாச்சு. புத்தலப்பட்டு போற வழில ஒரு ஏரி, ஐப்பசி மழைல ரொம்பி இருந்துச்சு. எறக்கற அன்னிக்கே கரைல புக்கு குடுக்கணும், அந்தப் புக்குலயே எறக்கின சேதியும் வரணும்ங்கறாரு சாரு. எறக்காத படகுக்கு சேதி யாரு எழுதறது? "செங்கம்மா, ஒரு மாதிரியா எழுதிடு"ன்னாரு.

ஒரு மாதிரியாவா? நான் நல்லாவே எழுதிட்டேன். "காலை வெயிலில் எங்கள் படகு அன்னம் போல மிதந்தது. கரையில் நின்றவர்கள் கண் கலங்கினார்கள்"னு.

கண்ணு கலங்கிச்சுங்க. அது மட்டும் நெசம். கரைல எல்லாரும் புக்க பிரிச்சி அன்னம் போல மிதந்துச்சுன்னு படிச்சிக்கினு நிக்கறாங்க, எதிர்ல படகு குபுகுபுன்னு முழுவிக்கினு கீது! எங்க வூட்டுக்காரரு நெஞ்சு வரைக்கும் தண்ணில, கைல துடுப்பு மட்டும். ஒரு கெழவரு புக்கயும் ஏரியயும் மாத்தி மாத்தி பாத்துட்டு, "இதுல எது சரிம்மா?"ன்னு என்னயே கேட்டாரு.

ஏன் முழுவிச்சா? மரம் காஞ்சி போச்சு. ரெண்டு கோட சந்துல நின்னா பலகைக்கு பலகை இடுக்கு வுடாதா? அத எறக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாளு தண்ணி காட்டணுமாம். மரம் குடிச்சி ஊதிக்கினு, இடுக்க தானே அடச்சிக்குமாம். அந்த நேரத்துல அசச்சா பஞ்சு பிதுங்கிடுமாம். இதெல்லாம் எங்க போட்டிருந்துச்சு தெரியுமா? அதே புக்குல. அதே ஜனவரி "துடுப்பு"ல, ஆறாம் பக்கம். ராகவன் சாரு தன் கையால எழுதினது! எழுதினவரு அன்னிக்கு தேதி குறிச்ச சந்தோசத்துல மறந்துட்டாரு. எங்க வூட்டுக்காரரு படம் போட்டாரே தவர படிக்கல. நானு? நான் என் பக்கத்த மட்டும்தான் படிப்பேன். மத்த மெம்பருங்களும் அப்டித்தான்.

சரி, முழுவிச்சு, கயிறு கட்டி இழுத்தாச்சு, அத்தோட வுட்டுதா? ப்ரெஸ்காரரு வழக்கம் போல அமெரிக்காவுக்கு ஒரு புக்கு தபால்ல போட்டுட்டாரு. பிரஹ்லாத் படிச்சான். சும்மா இருந்தானா? என் பக்கத்த இங்லீசுல எழுதி அங்க சங்கத்துல குடுத்துட்டான். அவங்க புக்குல வந்துடுச்சு! இருங்க, காட்டறேன், பையிலயே வச்சிருக்கறேன். கை தொடச்சிக்கோங்க. இதோ, நம்ம படகு, மஞ்ச குங்குமத்தோட. கீழ பாருங்க, செ-ங்-க-ம்-மா, சித்தூர். இங்லீசுல என் பேரு எவ்ளோ நீளமா கீது!

அத படிச்சிட்டு அந்த சங்கத்துலருந்து வெள்ளக்காரங்க ரெண்டு பேரு, புருசன் பொஞ்சாதி, பிரஹ்லாதோட வந்துக்கினு இருக்கறாங்க. சனிக்கெழம மலைல சாமி பாக்கறாங்க. ஞாயித்துக்கெழம காலைல ஏரிக்கு வராங்க. அன்னம் போல மிதந்துச்சே, அந்தப் படகுல ஒரு தரம் ஒக்காரணுமாம்.

ராகவன் சாரு தலைல கைய வச்சிக்கினாரு. "பத்திரிகைல பொய் போடப்படாது செங்கம்மா. இந்தத் தடவையும் முழுகித்துன்னா சங்கமும் வேண்டாம், புக்கும் வேண்டாம், எல்லாத்தயும் மூடிடலாம்"ன்னுட்டாரு. மனுசன் சொன்னா செய்வாரு. எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல, அவருக்கு படகு போனா இன்னொரு கட்டய தேடிக்கினு வருவாரு. ஃபேக்டரில கேட்டா "ஜனவரிலயே மிதந்துச்சே"ன்னு கூசாம சொல்றாரு, படிச்சி படிச்சி அவரே நம்பிட்டாரு. ஆனா புக்கு நின்னு போச்சுன்னா என் பக்கம் எங்க போறது டீச்சரம்மா? வாய்க்கு பேச நூறு பேரு கெடப்பாங்க. இதோ நீங்க கீறீங்க. ஆனா நான் சொன்னத நகரில ஒருத்தன் உரக்க படிச்சி நாலு பேரு சிரிக்கணும்னா, அதுக்கு எனக்கு வேற எடம் ஏது?

அதான் இப்ப தண்ணி. அதான் நகத்தக் கூடாது. அடில கைய வச்சி பாருங்க... சொட்டுதா? நேத்து வரைக்கும் ஒழுகிச்சு. இன்னிக்கு இந்த மூலைல மட்டும் கொஞ்சம் கசியுது. அதுவும் நாளைக்குள்ள அடஞ்சிடும். ... அடஞ்சிடணும்.

இந்த மாசம் இன்னா எழுதப் போறேன்னா? எழுதப் போறதா! எழுதி, வேலூருக்கு போயி, அச்சாவே ஆயிருக்கும். வர்றவங்க கைல சுடச்சுட புக்கு குடுக்கணும் இல்ல? ப்ரெஸ்காரரு போன வெள்ளிக்கெழமயே பக்கம் வேணும்னுட்டாரு. ராகவன் சாரு "நடந்தத மட்டும் எழுது"ன்னாரு. எதுவும் நடக்கல. நான் இன்னா பண்றது?

மிதந்துச்சுன்னுதான் போட்டேன். வேற இன்னா போடுவாங்க? ஆனா இந்தத் தபா அன்னம் இல்ல. வாத்துன்னு போட்டேன். கொஞ்சம் கொறச்சிதான்.

அய்ய, ஏன் எழுந்திரிக்கறீங்க? இருங்க, இன்னொண்ணு கீது. கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லுங்க. ... நீங்களும் அதுல வர்றீங்க. நீங்க வர்ற சேதி தெரிஞ்சிடுச்சா, என் பக்கத்துல நாலு வரி எடம் இருந்துச்சா... "எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த தமிழ் டீச்சர், சாமான் லாரி சந்தில் நின்றபோதும் முகம் சுளிக்காமல் சிரித்தார்"னு ஆரம்பிச்சேன். கை நிக்கல. "ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு வந்து, தேங்காய் உடைத்து, படகில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்"னு முடிச்சிட்டேன்.

டீச்சரம்மா! லாரிக்காரரு கிட்ட இன்னாத்துக்கு போறீங்க? ... ஓ, எறக்க சொல்றீங்களா! அதானே, மொகம் சுளிக்கல, சிரிக்கறீங்க, அச்சுல இருக்கற மாதிரியே! டேய் தம்பி, மொதல்ல அந்த பீரோவ எறக்கு, படகு மேல இடிக்காம!

வெயிலுக்கு இப்ப ஏரித் தண்ணி இடுப்பளவுதான் டீச்சரம்மா, பயப்படாதீங்க! தேங்கா நான் வாங்கிக்கினு வரேன்! ... ஒண்ணே ஒண்ணு, சொல்லிட்டு போங்க... உங்களுக்கு நீச்சல் தெரியுமா? தெரியும்னுதான் போட்டிருக்கறேன்.