காது உடைந்த கேசட்

பீட்டா கேசட்டில்தான் படம் தெளிவு. இதை நீங்கள் ஒத்துக்கொண்டால், மற்றதை நான் ஒத்துக்கொள்கிறேன். உட்காருங்கள், அந்த நாற்காலியில்தான் உங்கள் அம்மாவும் உட்காருவார்.

கேசட் கடை வைத்தபோது பீட்டாவை நம்பி முதல் போட்டேன். ஊரே வீஹெச்எஸ் கேசட் பக்கம் போனது. நான் வீஹெச்எஸ்சுக்கு மாறினேன், டிஸ்க் வந்தது. பக்கத்து மருந்துக் கடைக்காரர் கேட்பார்: “அண்ணே, அடுத்து என்ன வாங்கப்போறீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. நான் வாங்காம தப்பிச்சுக்கறேன்.” என் ராசி அப்படி. கடைசியில் ஒரு ஈ கூட வரவில்லை. ஆனால் ஓடுகிற பீட்டா மெஷின் என்னிடம் மட்டும்தான் மிஞ்சியது.

அப்போதுதான் உங்கள் அம்மா ஒரே ஒரு கேசட்டோடு வந்தார். இறந்துபோன உங்கள் அண்ணன் எடுத்தது. அவர் முகம் அதில் இல்லை, குரல் மட்டும். “அம்மா, இங்க பாரும்மா. சிரிக்கக் காசா கேக்குறாங்க?” அழியாமலிருக்க, கேசட் ஓரத்துப் பிளாஸ்டிக் காதை உங்கள் அண்ணனே உடைத்து வைத்திருந்தார். காது உடைந்தால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. விவரமான பிள்ளை.

நாடா புத்தம் புதிதாக இருந்தது. “பூஞ்சை புடிச்சிருக்குக்கா. ஒரேயடியா ஓட்டினா அறுந்துடும். கொஞ்சம் கொஞ்சமா பாக்கலாம்” என்றேன். பொய்தான். செவ்வாய்க்கிழமைதோறும் வந்தார். குரல் சூடு பிடிக்கும்போது நிறுத்துவேன். “அடுத்த வாரம் பாப்போம் தம்பி” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த ‘தம்பி’யில் எனக்கு ஒரு வாரம் ஓடிவிடும்.

பிறகு நீங்கள் புத்திசாலித்தனமாக ஒன்று சொன்னீர்கள். அம்மா வந்து, “பொண்ணு டிஸ்க்ல போட்டு வாங்கிட்டு வரச் சொல்றா. பூஞ்சை இருந்தாலும் பரவாயில்லையாம். இனிமே உனக்குத் தொந்தரவு இருக்காது தம்பி” என்றார்.

தொந்தரவு. அந்தச் சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உடைந்த காதின் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டினேன். மெஷின் ஏமாந்துவிடும். மேசைமேல் இருந்த என் வீடியோ கேமராவை அதில் இணைத்து, அம்மாவின் பக்கம் திருப்பி, பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

“டிவி போடலையா தம்பி?”

“காப்பி ஆகும்போது போடக்கூடாதுக்கா. படம் கெட்டுடும்.”

“சரி சரி, நீ பாத்துச் செய். மெஷின் ஓடுற சத்தமே போதும், அவன் பேசுற மாதிரியே இருக்கு.”

நாடா முடியும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தார். அவர் எதிரிலேயே அவர் மகனை அழித்தேன். பிறகு அந்தப் படத்தை ஒரு பிசிறில்லாமல் டிஸ்க்கில் ஏற்றி, உறையில் போட்டு, கேசட்டோடு சேர்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டுப் போனார்.

வீட்டில் அதைப் போட்டுப் பார்த்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை என்கிறீர்கள். தன்னையே முதன்முதலாக அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார், கூச்சமாக இருக்கும். சரியாகிவிடும்.

அந்தக் கேசட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறெங்கும் அது ஓடாது. அம்மாவிடம் சொல்லுங்கள், தம்பி கோபமாக இல்லை, செவ்வாய்க்கிழமை கடை திறந்திருக்கும் என்று.